சோறில்லாம வெச்ச சாப்ஸ்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேணாம். இந்த மலையில எறங்கறப்போ ஜன்னலோரம் உக்காந்தவன் ரெண்டு வேல பாக்கணும். ஒண்ணு வேடிக்க பாக்கணும், இன்னொண்ணு வாந்தி எடுக்கணும். ரெண்டுக்கும் எனக்கு இன்னிக்கு நேரம் இல்ல.

சேலத்துல எங்க எறங்கறீங்க? அஸ்தம்பட்டியா. சரி சரி. சூரமங்கலத்துல சொந்தம் யாராச்சும் உண்டா? மாமன், மச்சான், கூட வேல பாக்கறவங்க? இல்லியே? சும்மாதான் கேட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் தெரியாம நான் வாயத் தொறந்து, அப்பறம் பக்கத்து சீட்டுக்காரரு அந்தப் பையனோட சித்தப்பான்னு ஆயிருச்சுன்னா எம்பொழப்பு சிரிப்பா சிரிச்சுரும்.

எம்பேரு பிலவேந்திரன். மேல எஸ்டேட்காரங்க கிளப்பு இருக்குல்ல, அங்க குக்கு. படிப்பு மூணாங்கிளாஸு. அதுலயும் பாதி நாளு வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல்லு அறுத்ததுதான் பாடம். ஆனா போர்க் சாப்ஸ்னு வந்துட்டா இந்த மலையில என்ன அடிச்சுக்க ஆள் கெடையாது. பன்னிதான் சார். மூஞ்சி சுளிக்கறீங்க. சரி, வாயால வேணாம், காதால சாப்பிடுங்க. காசா பணமா.

எலும்போட வெரல் கனத்துக்கு வெட்டணும். ஓரத்துல கொழுப்பு வெள்ளையா பட்டுப் பொடவ பார்டர் மாதிரி ஓடணும். உப்பு, இடிச்ச மொளகு, பூண்டு தடவி ஊற வெச்சுட்டு, கனமான வாணல்ல மொதல்ல கொழுப்பு ஓரத்த நிக்க வெச்சு வாட்டணும். அதுல எறங்கற நெய்யிலயே ரெண்டு பக்கமும் செவக்கணும். அதுக்கு மேல எண்ணெய் ஊத்தறவன் சமையக்காரன் இல்ல, மெக்கானிக்கு. கறிய எடுத்து வெச்சுட்டு அதே வாணல்ல சின்ன வெங்காயம், நம்ம ஏற்காட்டு ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் சோயா சாஸு, கொஞ்சம் வினிகரு. சுண்டி வர்றப்போ வெல்லம். கடசியா சார், கடசியா. மொதல்லயே போட்டா அடிப் புடிச்சுக் கசந்துரும். தீயக் கொறச்சு, கரண்டியத் தூக்கினா நூல் மாதிரி விழணும். அப்பத்தான் கறிய உள்ள போட்டுப் பொரட்டணும். நாக்குல மொதல்ல இனிக்கும். அது போறதுக்குள்ள உப்பு வரும். ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கறப்போ பின்னாலேர்ந்து மொளகு வந்து கதவத் தட்டும்.

எச்சி முழுங்கறீங்க, நான் பாத்துட்டேன்.

கிளப்புல இதுக்குத் தொணையா ரொட்டி வெப்போம், உருளக்கெழங்கு மசிச்சு வெப்போம். சோறு கெடையாது. அது வெள்ளக்காரன் வெச்சுட்டுப் போன பழக்கம். என் வாழ்க்கயில நான் சாப்ஸுக்கு சோறு வெச்சதே இல்ல. அந்த ஒரு பழக்கம்தான் சார் இன்னிக்கு என்ன இந்த பஸ்ஸுல உக்கார வெச்சிருக்கு.

புடிச்சுக்குங்க, வளைவு.

எனக்கு ஒரே பொண்ணு. ஜெசிந்தா. சேலத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு, ஹாஸ்டல்ல இருக்கா. தங்கம். எங்க உபதேசியார், கோயில்ல ஜெபம் சொல்லிக் குடுப்பாரே அவருதான், தோமினிக்குன்னு பேரு, பொங்கல் கழிஞ்சு ஒரு நாளு அவரா வீடு தேடி வந்தாரு. "பிலவேந்திரா, ஒம்பொண்ணுக்கு ஒரு எடம் இருக்கு"ன்னாரு. எனக்கு அப்பவே சுருக்குனுச்சு. இந்த மனுசன் எங்க வீட்டுக்குக் கோயில் காலண்டரக்கூட கொண்டாந்து குடுத்ததில்ல. நானாத்தான் போய் வாங்கிக்கணும். இப்ப மாப்ளயக் கொண்டாறாராம். உள்ள ஏதோ இருக்குன்னு நெனச்சேன்.

பையன் பேரு தைனீஸு. அதே ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல வேல. நான் ஜெசியக் கேட்டேன், "ஏம்மா, இந்த ஆள நீ பாத்திருக்கியா?"ன்னு. "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில யார் யாருன்னு எனக்கு எப்பிடிப்பா தெரியும்?"ன்னா. நியாயம்தானே. எங்கிட்ட அவ பொய் சொல்ல மாட்டா.

ஏன் கேட்டேன்னா, எங்க வீட்ல இந்தக் காதல் கீதல் எல்லாம் கெடையாது சார். எங்கண்ணன் மக ஒருத்தி அப்பிடிப் பண்ணினா. ரெண்டு புள்ள ஆயிருச்சு, இன்னிக்கு வரைக்கும் நான் அவ வீட்டு வாசப்படிய மிதிக்கல. அது ஜெசிக்கும் தெரியும், எம்பொண்டாட்டி பவுலினுக்கும் தெரியும், உபதேசியாருக்கும் தெரியும். பெரியவங்க பாத்து, மொறையா வந்து, மொறையாப் பேசி முடிக்கணும். எவன் என்ன மறைச்சாலும் நான் மோந்து பாத்தே கண்டுபுடிச்சுருவேன். கிளப்புல வெயிட்டரு கட்லெட்ட ஜோப்புல போட்டுக்கிட்டுப் போனாக்கூட நடையிலயே சொல்லிருவேன்.

உங்க பக்கம் எப்பிடியோ தெரியாது. எங்க பக்கத்துல பொண்ணு பாக்க வந்தா இனிப்பு, காரம், காபி. அதோட சரி. சோத்துல கை வெக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் சம்மதம்னு ஆனப்பறம்தான் பொண்ணு வீட்ல கை நனைப்பாங்க. கை நனச்சுட்டா முடிஞ்சது. அப்பறம் பின்வாங்கினா ஊரே காறித் துப்பும்.

நான் என்ன யோசிச்சேன்? உபதேசியார் கொண்டாந்த எடம், நம்பறதுக்கில்ல. வருவாங்க, காபி குடிப்பாங்க, "சொல்லி அனுப்பறோம்"பாங்க, நாலு வீடு பாத்து எது ஒசத்தின்னு கணக்குப் போடுவாங்க. அத விடக் கூடாது. வந்த அன்னிக்கே கை நனைக்க வெச்சுரணும். அப்ப, இனிப்பு, காரம்னு ரெண்டு தட்டு வெக்கறதுக்குப் பதிலா, ரெண்டும் ஒண்ணா இருக்கற என் சாப்ஸ வெச்சுட்டா? பலகாரம்னு நெனச்சுத் திம்பாங்க. தின்னு முடிச்சப்பறம், "கை நனச்சுட்டீங்க சம்பந்தி"ன்னு மடக்கிரணும். பவுலின், "வேணாங்க, கேசரி கிண்டிரலாம்"ன்னா. பொம்பளைக்கு இந்த மாதிரி கணக்கெல்லாம் எங்க வெளங்கப் போவுது?

தவக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம வந்தாங்க. பையன், அவங்கப்பா மதலமுத்து, அவங்கம்மா இஞ்ஞாசியம்மா, கூட உபதேசியாரு. நான் வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையா எட போட்டேன்.

எங்க வீட்டு நாயி ஒண்ணு இருக்கு. போஸ்ட்மேன இத்தன வருசமா பாக்குது, இன்னும் கொலைக்கும். கோயில்ல பூச வெக்கற சாமியார் வந்தாலும் கொலைக்கும். அந்தப் பையனப் பாத்து வால ஆட்டிக்கிட்டுப் போய்க் கால நக்குது. வயசாயிருச்சு சார், மூக்கு செத்துப் போச்சு.

ஜெசி காபி கொண்டாந்தா. எல்லாருக்கும் சக்கர போட்டவ பதட்டத்துல பையனுக்கு மட்டும் போட மறந்துட்டா. பாவம், அவன் ஒரு வார்த்த சொல்லணுமே. நல்லா ரசிச்சுக் குடிச்சான். அடக்கமான பையன்தான்னு அப்ப நெனச்சேன். இப்பல்ல தெரியுது அவன் லட்சணம்.

இன்னொண்ணு கேளுங்க. எங்க வீட்ல கை கழுவற கொழா கோழிக் கூண்டுக்குப் பின்னால மறஞ்சு இருக்கும். மொத தடவ வர்றவன் எவனும் கேக்காமப் போக முடியாது. இந்தப் பையன் எழுந்தான், நேரா போனான், கழுவிட்டு வந்துட்டான். எனக்குப் பொறி தட்டிருச்சு. உபதேசியாரு எங்க வீட்ட அடி அடியா அளந்து அவங்ககிட்ட சொல்லிருக்காரு. வீடு என்ன வெல போவும்னு கணக்குப் பாக்கறதுக்குத்தான், வேற எதுக்கு? அன்னிக்கு ராத்திரி பவுலின்கிட்ட சொன்னேன். "ஆமாங்க, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவளுக்கும் பயம் வந்துருச்சு.

சரி, சாப்ஸுக்கு வர்றேன். தட்ட வெச்சேன். இஞ்ஞாசியம்மா தட்டப் பாத்துச்சு, அப்பறம் என்னப் பாத்துச்சு.

"அண்ணே, இது இனிப்பா காரமா?"

"ரெண்டும்தாம்மா. தனித்தனியா வெச்சா தட்டு கழுவற வேலதான் கூட."

"சாப்பாடா பலகாரமா?"

அங்க சார், அங்கதான் நான் உஷாரா இருந்துருக்கணும். சாப்பாடுன்னா தொட மாட்டாங்களேன்னு, "அட பலகாரம்தாம்மா, சும்மா வாயில போடுங்க"ன்னுட்டேன். அந்தம்மா உடனே உபதேசியாரத் திரும்பிப் பாத்து, "கேட்டுக்கிட்டீங்கல்ல"ன்னுச்சு. சாட்சி வெக்குது சார். அப்பவும் எனக்கு ஒறைக்கல.

தின்னாங்க. மதலமுத்துன்னு ஒரு மனுசன், வீட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து அவரு பேசினது ஒரே வார்த்த. "இன்னொண்ணு." எலும்ப உறிஞ்சற சத்தம் தெருவுல கேக்குது. பையன் சாஸ வெரலால வழிச்சான். உபதேசியாருக்கு ஜெபம் மறந்துருச்சு. இஞ்ஞாசியம்மா மட்டும் ஸ்பூன் கேட்டு வாங்கிச்சு. எலும்போட இருக்கற கறிய ஸ்பூனால எவளாச்சும் திம்பாளா? பல்லு வலியாம், பிச்சுப் பிச்சுத் திங்குதாம். ஆனா தட்டு காலி.

நான் எழுந்து நின்னேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டேன். "வாங்க சம்பந்தி, கை கழுவலாம்"ன்னேன். சம்பந்திங்கறத அழுத்திச் சொன்னேன்.

"என்னண்ணே, அதுக்குள்ள சம்பந்தி ஆக்கிட்டீங்க?"ன்னு கேக்குது அந்தம்மா.

"கை நனச்சுட்டீங்களேம்மா. அப்பறம் என்ன?"

"பலகாரம்னு நீங்கதானே சொன்னீங்க. எலையில ஒரு பருக்க சோறு விழுந்துச்சா? சோறில்லாம எத்தன சாப்ஸு தின்னாலும் அது முறுக்குக் கணக்குதாண்ணே."

வீடே சிரிச்சுச்சு. மதலமுத்து எலும்ப உறிஞ்சறப்போ புரையேறி இருமினாரு. கதவுக்குப் பின்னால ஜெசி சிரிச்சா. பவுலின் முந்தானையில வாயப் பொத்திக்கிட்டா, அவமானத்துல. நட்டு வெச்ச கம்பு மாதிரி நான் மட்டும் நிக்கறேன். நான் தோண்டின குழியில அந்தம்மா என்னயவே எறக்கி மண்ணத் தள்ளிட்டுப் போயிருச்சு. போறப்போ, "தவக்காலம் கழியட்டும், நாங்க மொறையாச் சொல்லி அனுப்பறோம்"ன்னு ஒரு சிரிப்பு வேற.

தவக்காலம்னா, ஈஸ்டருக்கு முந்தி நாப்பது நாளு, நல்ல காரியம் பேசக் கூடாது, கறி திங்கக் கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அது சாக்கு சார். எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. இவங்க வீடு வீடாப் போயி பலகாரம் திங்கற கோஷ்டி. நம்ம வீட்ல சாப்ஸு, அடுத்த வீட்ல கட்லெட்டு.

சரி, நேரா போயே பாத்துருவோம்னு ஒரு நாளு கிளப்புக்கு லீவு போட்டுட்டு சூரமங்கலம் எறங்கினேன். அவங்க வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கட. தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், தூரத்துல இருக்கறது பொக மாதிரித் தெரியும். ஆனா ஆள எட போடறதுக்குக் கண்ணு எதுக்கு சார்? டீக்கடக்காரன், "பெரிசு, டீயப் போட்டாச்சு, இன்னும் எவ்வளவு நேரம் துண்டுக்குள்ள இருப்பே, வெந்து போயிருவே"ன்னு கிண்டல் பண்றான். நான் அசையல.

சாயங்காலம் அந்தப் பையன் பைக்குல வர்றான். பின்னால ஒரு பொண்ணு.

ஆமா சார். பொண்ணு. துப்பட்டாவ முகத்துல சுத்திக்கிட்டு கண்ணு மட்டும் வெளிய தெரியற மாதிரி. பச்ச சுடிதாரு, மஞ்ச துப்பட்டா. எறங்கி, தன் வீட்டுக்குள்ள போற மாதிரி கேட்டத் தொறந்துக்கிட்டுப் போறா. இஞ்ஞாசியம்மா வாசலுக்கு வந்து அவ கன்னத்தத் தடவி உள்ள கூட்டிக்கிட்டுப் போவுது. அதே மாதிரி பச்ச சுடிதாரு எம்பொண்ணுக்கும் கிறிஸ்மஸுக்கு எடுத்துக் குடுத்தேன் சார். அதே துணி, அதே கலரு, எவளோ ஒருத்தி போட்டுக்கிட்டு எம்பொண்ணு போக வேண்டிய வீட்டுக்குள்ள போறா. கடக்காரன் ஒரே டிசைன ஊருக்கே வித்திருப்பான், அவனச் சொல்லி என்ன பண்ண.

ஏன் சார் சிரிக்கறீங்க? இல்ல, சிரிச்சீங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாத் தெரியாதா?

அங்கேயே ஜெசிக்குப் போன் போட்டேன். அவ எடுக்கல, டூட்டி. ராத்திரிதான் பேசினா. நான் எல்லாத்தையும் சொன்னேன். "பாப்பா, மனசத் தேத்திக்க. அந்தப் பையன் வேற ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு சுத்தறான். நானே கண்ணால பாத்தேன். நடையே சரியில்ல அவளுக்கு, ஒரு தோளு எறங்கி நடக்கறா"ன்னேன். அந்தப் பக்கம் விக்கி விக்கி அழற சத்தம். மூச்சு விட முடியல சார் அவளால. "அப்பா... அப்பா..."ன்னு சொல்றா, அதுக்கு மேல வார்த்த வரல. போன வெச்சுட்டா. எனக்கு எப்பிடி இருந்துருக்கும்? பெத்த மனசு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இந்த வீட்ட சும்மா விடறதில்லன்னு.

அதுலேர்ந்து பாருங்க, புள்ளைக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. தவக்காலத்துல, கறி வாசனையே ஆவாத நேரத்துல, போன் பண்ணி, "அப்பா, சாப்ஸ் எந்தக் கனத்துக்கு வெட்டணும்?"ங்கறா. "சோயா சாஸு எவ்வளவு?"ங்கறா. "ஆரஞ்சு இல்லாட்டி சாத்துக்குடி ஊத்தலாமா?"ங்கறா. ஹாஸ்டல்ல எவளோ ஒருத்தி எம்பொண்ண ஏச்சு என் சமையல உருவப் பாக்கறான்னு எனக்கு சந்தேகம். பாதி சரியாச் சொன்னேன், பாதி தப்பாச் சொன்னேன். அப்பறம் மனசு கேக்காம மறுநாளு போன் பண்ணித் திருத்திட்டேன்.

ஈஸ்டர் கழிஞ்சுச்சு. உபதேசியாரு வந்தாரு. "இஞ்ஞாசியம்மா உங்கள இந்த ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூப்பிடறாங்க. சோத்தோட"ன்னாரு. சோத்தோடங்கறப்போ அவரு மீச துடிச்சுச்சு.

வெளங்குதா சார்? என்ன அவங்க வீட்ல கை நனைக்க வெக்கப் பாக்கறாங்க. நான் ஒரு கவளம் தின்னுட்டா நான் சம்மதிச்ச மாதிரி ஆயிரும், அப்பறம் பச்ச சுடிதாரப் பத்தி நான் வாயே தொறக்க முடியாது. நான் போட்ட பொறியவே எனக்குப் போடறாங்க. பவுலினுக்கு எடுத்துச் சொன்னேன். அவ, "வம்பு பண்ணாம வந்து சாப்பிடுங்க. நான் தங்கச்சி வீட்ல தங்கிட்டு நேரா அங்க வந்துர்றேன்"னு நேத்தே எறங்கிட்டா. சூடு சொரண இல்லாதவ.

நான் என்ன பண்ணப் போறேன்னா, போவேன். உக்காருவேன். எல போடட்டும். சோறு வெக்கட்டும். எல்லாரும் கூடி இருக்கறப்போ, எலையத் தொடாம எழுந்து நின்னு, "அந்தப் பச்ச சுடிதாரு யாரு?"ன்னு ஒரே ஒரு கேள்வி. அவ்வளவுதான். எலைய மடிச்சுப் போட்டுட்டு வந்துருவேன். எம்பொண்ணு அழுதாளே, அந்த அழுகைக்குப் பதில் வேணாமா? காலையில பூசையில சாமியார் என்ன பேசினாருன்னே காதுல விழல. அந்தக் கேள்வியவே சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன கேட்டீங்க?

ஜெசிக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கான்னா?

என்ன சார் கேள்வி இது. புடிச்சிருக்கா இல்லையான்னு... இல்ல, கேக்கல. நான் ஏன் கேக்கணும்? பையன் குடும்பம் எப்பிடி, சம்பளம் என்ன, குடிப்பானா, எல்லாம் விசாரிச்சேன். இத யாரும் கேக்கச் சொல்லல. அவளாச் சொல்லணும். சொல்ல மாட்டா. நான்தான் அண்ணன் மக கதய தெனமும் அவ காதுல...

இருங்க சார், போனு. அவதான். நூறு வயசு.

"பாப்பா. ம். பஸ்ஸுலதான் இருக்கேன், பாதி மல எறங்கியாச்சு. என்னது? சத்தமாச் சொல்லு. வெல்லம் போட்டுட்டியா? எப்பப் போட்ட? வினிகரு சுண்டினப்பறமா முன்னாடியா? கரண்டியத் தூக்கிப் பாரு. சொட்டு சொட்டா விழுதா, நூலா விழுதா? சொட்டா விழுந்தா இன்னும் பதம் வரல. தீயக் கொற. கிண்டிக்கிட்டே இரு. பாப்பா, இரு, வெச்சுராத. ஒண்ணு கேக்கணும். ஒனக்கு அந்தப் பையனப் புடிச்சிருக்கா? அவன்தான், தைனீஸு. ஹலோ. பாப்பா?"

லைன் இருக்கு சார். சாஸு கொதிக்கற சத்தம் மட்டும் கேக்குது.

"ம். ம். சரி. சரிம்மா. வெச்சுரு."

இருங்க சார், போன ஜோப்புல வெச்சுக்கறேன்.

"ஆமாப்பா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சின்னதுல எதையாச்சும் ஒடச்சுட்டு வந்து நிப்பா, யாரும்மா ஒடச்சதுன்னா தலையக் குனிஞ்சுக்கிட்டு, "நான்தாம்ப்பா"ம்பா. அதே கொரலு.

அது மட்டும் இல்ல. பின்னால ஒரு பொம்பளக் கொரலு கேட்டுச்சு. "ஜெசி, அடிப் புடிக்கப் போவுது, ஒங்கப்பா சொல்ற மாதிரி தீயக் கொறம்மா"ன்னு. அந்தக் கொரல எனக்குத் தெரியும் சார். முறுக்குக் கணக்குன்னு சொன்ன கொரலு. அதுக்கும் பின்னால பவுலின் சிரிக்கறா. எம்பொண்டாட்டி சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அது ஹாஸ்டல் இல்ல சார்.

அப்ப அந்தப் பச்ச சுடிதாரு நான் எடுத்துக் குடுத்ததுதான். ஒரு தோளு எறங்கி நடக்கறது எங்கம்மா மாதிரி. எங்க வம்சமே அப்பிடித்தான் நடக்கும். நான் நடந்தாலும் அப்பிடித்தான் இருக்கும். எம்பொண்ணோட நடையே சரியில்லன்னு எம்பொண்ணுகிட்டயே சொல்லிருக்கேன். அவ அழுதிருக்க மாட்டா சார். விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா.

நீங்க எப்பக் கண்டுபுடிச்சீங்க? சும்மா சொல்லுங்க. நாயி வால ஆட்டினப்பயா? அடப்பாவி மனுசா. இத்தன வளைவும் என்னப் பேச விட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டே வந்தீங்களே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

கண்டக்டர், அடிவாரத்துல நிறுத்துவீங்களா? இல்ல இல்ல, சும்மா கேட்டேன். போலாம்.

ஒரு நிமிஷம் தோணுச்சு சார். அடிவாரத்துல எறங்கி அடுத்த பஸ்ஸுல மேல போயிரலாம்னு. அண்ணன் மக வீட்டுக்குப் போகாத மாதிரி இங்கயும் போகாம இருந்துரலாம். என்னால முடியும். எம்பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. அங்க எல போட்டு வெச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. சாயங்காலம் ஆயிரும். சாஸு ஆறி கல்லு மாதிரி கெட்டியாயிரும். அத மறுபடியும் சூடு பண்ணா நல்லா இருக்காது சார். அந்த சாஸு ஒரு தடவதான்.

அதுவும் போவட்டும். யோசிச்சுப் பாருங்க. அந்தப் புள்ள நெனச்சிருந்தா எவனையாச்சும் கூட்டிக்கிட்டு நேரா சாமியார்கிட்ட போயிருக்கலாம். போகல. எங்கப்பன் மொறையா வந்து கேட்டாத்தான் ஒத்துக்குவான்னு, உபதேசியாரப் புடிச்சு, பையனப் பெத்தவங்க ரெண்டு பேரையும் மல ஏத்தி, தெரியாத வீட்டுக்கு வர்ற மாதிரி வர வெச்சு, தெரிஞ்ச பையனுக்கே காபி குடுத்துத் தலையக் குனிஞ்சு நின்னிருக்கா. அந்தம்மா என்னடான்னா, பல்லு வலியோட எஞ்சாப்ஸத் தின்னுட்டு, நான் குறுக்கு வழியில மடக்கப் பாத்தப்பக்கூட எனக்கும் சேத்து மொற பாத்திருக்கு. என் ஒருத்தனுக்காக இத்தன பேரு நாடகம் ஆடிருக்காங்க. கிளப்புக்குக் கலெக்டரு வந்தப்பக்கூட இத்தன பேரு ஓடியாடினதில்ல.

எனக்கு அது புடிச்சிருக்குன்னு சொல்லல. அது வேற. வீட்டுக்கு வந்தப்பறம் பவுலின்கிட்ட தனியாப் பேசிக்குவேன்.

போவேன் சார். ஒண்ணும் தெரியாத மாதிரி போயி உக்காருவேன். ஜெசி அந்த வீட்ல எங்கயாச்சும் ஒளிஞ்சுக்கிட்டு இருப்பா, சமையக்கட்டு பக்கம் நான் திரும்ப மாட்டேன். எல போடுவாங்க. சோறு வெப்பாங்க. கை வெப்பேன். நல்லாப் பெசஞ்சு, எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு வாய். அப்பறம் சாப்ஸ எடுத்து ஒரு கடி கடிச்சுட்டு, "அடேங்கப்பா, யாரும்மா இத செஞ்சது?"ன்னு கேப்பேன். அந்த இஞ்ஞாசியம்மா என் மூஞ்சியப் பாத்துக் கூசாம, "நான்தாண்ணே, சும்மா கைப்பக்குவத்துல பண்ணினேன்"னு ஒரு பொய்ய எடுத்து விடும்.

நம்பிருவேன் சார்.